மரப்பீப்பாயும் மண்முட்டியும்

கற்பிட்டிக் குடாநாட்டில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர் மாம்புரி. கரையோரத்தில் 2010ஆம் ஆண்டு முதல் சுழலும் காற்றாலைகள், உள்ளே தென்னந்தோட்டங்கள். சென்ற விடுமுறையில் நாம் அங்கே சென்றது காற்றாலைகளைக் காண்பதற்கன்று. முன்னொரு காலத்தில் நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், பெல்ஜியத்தில் உணவுத் தொழில்நுட்பம் கற்று அங்கேயே பணிபுரிபவர், தம் தந்தையாரைக் காண வந்திருந்தார். “சேர், ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வரத்தான் வேண்டும்” என்று அவர் அழைத்தபோது மறுக்க மனம் வரவில்லை.

பகலுணவு முடிந்தபின் கனத்த போத்தல் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். பெல்ஜிய முறையில் ஆக்கி, மரப்பீப்பாயில் பதினெட்டு மாதம் முதிரவைத்த கடும் பியர் அது. நூற்றுக்கு 11 பங்கு மதுசாரம் என்று ஒட்டுத்தாளில் எழுதியிருந்தது. சாதாரண பியரில் ஐந்து பங்கு அளவே இருக்கும்.

நமக்கு மது அருந்தும் பழக்கம் இல்லை. இனி அதனைத் தொடங்கும் எண்ணமும் இல்லை. மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் ஒரு பொருளை அறியாமலே இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அதனைக் கண்டித்து வந்தவர் நாம். அன்று இரண்டு கரண்டி அளவு சுவைத்துப் பார்த்தோம்.

நிறம் நன்னாரிச் சர்பத்தைப் போலக் கருஞ்சிவப்பு. நுரை சிறிதே எழுந்து விரைவில் அடங்கிற்று. முகர்ந்தபோது முதலில் வந்தது உலர்ந்த முந்திரிகையும் பேரீச்சம்பழமும் கலந்த மணம். அதன் பின்னே கராம்பு. கராம்பு எதுவும் அதில் இடப்படவில்லையாம். அந்நாட்டு மதுவ வகைகளிற் சில, புளிக்கும்போது தாமே அம்மணத்தை உண்டாக்கும் என்றார் மாணவர். நாவில் பட்டபோது இனிப்பு. சட்டியின் அடியில் சிறிது தீய்ந்த வெல்லப்பாகின் இனிப்பு. அடுத்து மெல்லிய புளிப்பு. கடைசியாகக் கடும் தேநீரைக் குடித்தாற்போல நாவை இழுக்கும் ஒரு துவர்ப்பு. அது மரத்தின் கொடை. விழுங்கிய பின்னர் தொண்டையில் வெம்மை நெடுநேரம் நின்றது. அருவருப்பை எதிர்பார்த்திருந்த நமக்கு அருவருப்பு ஏற்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் விட வியப்பூட்டியது வேறொன்று. அந்தப் போத்தலிலிருந்து தேங்காய் மணம் வந்தது! தேங்காய்ப்பூவை வறுக்கும் அடுக்களையின் மணம். அதன் காரணத்தை மாணவர் விளக்கினார். ஓக் மரத்தில் லாக்டோன் என்னும் ஒருவகைப் பொருள் உண்டு. அமெரிக்க ஓக்கில் அது மிகுதி. பீப்பாயில் மது ஊறும்போது அப்பொருள் கரைந்து தேங்காய் மணத்தைத் தருகிறது. பலகையை நெருப்பில் வாட்டும்போது வனிலா மணமும் பிறக்கிறது. மேனாட்டார் இதனைப் பெரும் சிறப்பாக எண்ணுகின்றனராம். தென்னையிலிருந்தே இறக்கும் நம் கள்ளிலோ தேங்காய் மணம் கிடையாது. அது பாளையின் சாறு. தேங்காய்க்கும் அதற்கும் மணத்தில் உறவில்லை. தென்னை இல்லாத நாட்டில் தேங்காய் மணம், தென்னந்தோப்பில் அஃது இல்லை!

நம் நாட்டு மதுவுக்கு மரமும் வேறு. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயத்தை இலங்கையில் சாவண்டலை மரத் தொட்டிகளில் முதிரவைக்கிறார்கள். சிங்களத்தில் அதனை ஹல்மில்ல என்பர். சென்னைக் கரையில் அலையைக் கடந்து ஓடிய மசூலாப் படகுகளும் அம்மரத்தால் கட்டப்பட்டனவே. மதுவை முதிரவைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதுமன்று. நீண்ட மூங்கிற் குழாயில் விளைந்த தேறலைக் குன்றக் குறவர் உண்டு மகிழ்ந்ததைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. முருகனைப் பாடும் நூலில் இச்செய்தி வருவதை வகுப்பில் நாம் எப்போதும் விரைவாகக் கடந்துவிடுவோம்.

மாணவரின் தந்தையார் திண்ணையில் அமர்ந்து பாளைக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளாகத் தென்னை சீவுபவர். அவர் சீவற்றொழிலாளி என்பது அன்றுதான் நமக்குத் தெரியும். பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் தொழில் ‘விவசாயம்’ என்றே இருந்தது.

“ஏன் தம்பி அப்படி எழுதினீர்?” என்று கேட்டோம்.

மாணவர் சற்றுத் தயங்கினார். “சேர் அன்று கள்ளுண்ணாமை அதிகாரம் நடத்தினீர்கள். குடிப்பவனை விட இறக்கிக் கொடுப்பவனே பெரும் பாவி என்று சொன்னீர்கள். அடுத்த நாள்தான் பதிவேட்டுக்கு விவரம் கேட்டார்கள்.”

அவ்வாறு சொன்னது நமக்கு நினைவில் இல்லை. சொல்லியிருக்கமாட்டோம் என்று மறுக்கவும் இயலவில்லை. வள்ளுவர் அவ்வதிகாரத்தில் உண்பவனைத்தான் கடிந்தார். இறக்குபவனைச் சேர்த்தது நம் சொந்தச் சரக்கு. குடியால் அழிந்த குடும்பங்களை இக்கரையில் நாம் நிறையக் கண்டிருக்கிறோம். ஆகையால் குடியைக் கண்டித்ததற்கு வருத்தமில்லை. ஆனால் மூன்றாம் வாங்கில் தலை குனிந்திருந்த சிறுவனை அன்று நாம் பார்க்கவில்லை.

பெல்ஜியத்தில் துறவிமடங்களிலும் பியர் ஆக்குகிறார்கள். விற்ற பணம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் செல்கிறது. அந்நாட்டின் பியர்ப் பண்பாட்டை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அங்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில், “உம் தந்தை என்ன தொழில் செய்கிறார்?” என்று உடன் பணிபுரிந்தவர் கேட்டாராம். முதன்முறையாக உண்மையைச் சொன்னேன் என்றார் மாணவர். அவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் விவரம் கேட்டனராம்.

கேட்கத்தக்க விவரந்தான். வாற்கோதுமையை முளைக்கவைத்து, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால்தான் அதன் மாப்பொருள் சர்க்கரையாகும். தென்னம்பாளையோ சர்க்கரைச் சாற்றையே தருகிறது. பாளை விரியுமுன் அதனைக் கட்டி, நாள்தோறும் தட்டிப் பதமாக்கி, நுனியை மெல்லிதாகச் சீவி முட்டி கட்டுவர். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர். பூசாவிடில் காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் உடனே தன் வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, மறுநாள் புளிப்பு, விட்டுவைத்தால் வினாகிரி. பெல்ஜியப் பீப்பாய் பதினெட்டு மாதத்தில் நடக்கும் வழியில் முட்டி ஒரு நாளில் ஓடிவிடுகிறது.

தந்தையாருக்கும் ஒரு கிண்ணத்தில் சிறிது ஊற்றிக் கொடுத்தார் மகன். கிழவர் முகர்ந்தார், வாயில் வைத்து, கண்களை மூடிச் சிறிது நேரம் இருந்தார். மகன் முகத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனின் கலக்கம்.

“பழைய முட்டியைச் சரியாகக் கழுவாமல் கட்டினால் இந்தப் புளிப்பு வரும்” என்றார் தந்தையார்.

மகன் சிரித்துவிட்டார். “அதேதான் அப்பா. பீப்பாயின் மரத்துக்குள்ளே பழைய கிருமிகள் இருக்கின்றன. அங்கே அவற்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.”

“வேண்டுமென்றா?” கிழவர் மீண்டும் ஒரு துளி சுவைத்தார். “கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இதைக் குடித்துவிட்டு மரத்தில் ஏற முடியாது.”

அந்தி நெருங்கிற்று. கிழவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். தோட்டத்தில் மரத்துக்கு மரம் தும்புக் கயிறுகள் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருந்தன. கீழ்க் கயிற்றில் கால் வைத்து மேற்கயிற்றைப் பற்றியபடி வானிலேயே நடந்து செல்வர். அப்படி நடக்க இளைஞர் எவரும் இப்போது முன்வருவதில்லை. விழுந்தால் முதுகெலும்பு போகும்; விழாதிருந்தாலும் நம்மைப் போன்றோர் வாயில் விழவேண்டும்.

“நான் போய்வருகிறேன், மாஸ்டர்” என்றார் அவர்.

“கவனம், ஐயா” என்றோம். இருபது ஆண்டு ஆசிரியத் தொழிலில் ஒரு சீவற்றொழிலாளியை ஐயா என்று நாம் அழைத்தது அதுவே முதன்முறை. அவர் அதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முதல் மரத்தில் பாதி ஏறியிருந்தார். மகன் மரத்தடியில் நின்று, கயிற்றில் கட்டி இறக்கப்படும் முட்டிக்காகக் கைகளை ஏந்தியிருந்தார்.