டேனியல்கள் தீட்டிய தமிழகம்

கொல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களில் விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காணாதவர் அரியர். ஆனால் அம்மண்டபம் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் இரு ஆங்கில இயற்கைக் காட்சி ஓவியரின் படைப்புகளுக்குப் பேர்பெற்றது என்பதையும், அவ்விருவரும் நம் தாமிரபரணிக் கரை வரை சென்று வந்தவர்கள் என்பதையும் அறிந்தோர் சிலரே.

நான் நெல்லைச் சீமையில் பிறந்தவன். பாபநாசம் அருவியை டேனியல்கள் தீட்டியிருக்கிறார்கள் என்று அறிந்ததும் மகிழ்ந்தேன். உடனே ஓர் ஐயமும் எழுந்தது. அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ல். அதற்கு முன்பு நம் ஊர்களும் மலைகளும் எப்படியிருந்தன என்பதற்கு இத்தகைய ஓவியங்களே சான்று. எனவே சான்றின் தரத்தை ஆராய்வது நம் கடமையன்றோ?

தாமஸ் 1749-ல் பிறந்தவர். வில்லியம் அவருடைய உடன்பிறந்தானின் மகன், 1769-ல் பிறந்தவர். இருவரும் சீனா வழியாக 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். இங்கே நகரக் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டு விற்றனர். ஓவியர், செதுக்குநர், செப்புக் கொல்லர், அச்சடிப்பவர் ஆகிய எல்லாப் பணிகளையும் தாமே ஏற்க வேண்டியிருந்ததாகத் தாமஸ் ஒரு கடிதத்தில் எழுதினார்! பின்னர்க் கங்கை வழியே வடக்கே இமயச் சாரல் வரை சென்று மீண்டனர். தீட்டியவற்றைக் குலுக்குச் சீட்டு முறையில் விற்றுப் பொருள் சேர்த்து, 1792-ல் சென்னை வந்தனர். திப்புவுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. திருச்சி, மதுரை, பாபநாசம், தஞ்சை எனச் சுற்றி, 1793 தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பினர்.

அவர்கள் கைக்கொண்ட கருவி கேமரா அப்ஸ்குரா. இருண்ட பெட்டி ஒன்றில் வில்லை வழியே ஒளி நுழைகிறது. வெளிக்காட்சி உள்ளே உருவாக விழுகிறது. அதன் மேல் கோடு இழுத்துக் கொள்ளலாம். நம் ஆய்வுக்கூடத்து ஒளியியல்தான் இது. கண் மிகைப்படுத்தும் இடத்தில் பெட்டி அளவைக் காக்கும். மேலும், தமக்கு முன்னர் வந்த வில்லியம் ஹாட்ஜஸ் என்பவரின் படங்களை எடுத்துச் சென்று, அந்தந்த இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பிழை கண்டனர். முன்னோர் கூற்றைச் சோதித்துப் பார்க்கும் இப்பண்பை அறிவியலார் போற்றத்தானே வேண்டும்?

ஊர் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை 144 படங்களை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் வெளியிட்டனர். அச்சிட்ட முறை அக்குவாடின்ட். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அமிலம் ஊற்றினால், துகள்களுக்கு இடைப்பட்ட செம்பை மட்டும் அது அரிக்கும். அரிப்பு ஆழமானால் மை மிகுதியாகத் தங்கும், நிழல் கருக்கும். வெளிச்சம் வேண்டிய பகுதியை மெருகு பூசி அமிலத்திலிருந்து காப்பர். அச்சான தாளில் வண்ணத்தைக் கையால் தீட்டுவர்.

கருவி நேர்மையானது. அமைப்பு? அங்கேதான் பிரான்சு நாட்டில் பிறந்து ரோமாபுரியில் வாழ்ந்த கிளாட் லோரேன் நினைவுக்கு வருகிறார். 1682-ல் மறைந்த அப்பெரும் ஓவியர் வகுத்த அமைப்பு இதுவே: ஒரு புறம் கரிய மரம், நடுவே நீர், தொலைவில் பொன்னொளி. ஆங்கில ஓவியர் நூறாண்டுக்கு மேல் இதையே இலக்கணமாகக் கொண்டனர். நம் மலைகளும் பல இடங்களில் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டே படத்தில் நிற்கின்றன.

‘களக்காட்டருகே கண்ட குமரி முனை’ என்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஓங்கி நிற்பது மலை. உண்மைக் குமரியோ பல மைல் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. அவர்கள் தென்பாண்டி நாட்டுக்கு வந்த காலம் பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் ஆண்ட காலம். ஏழே ஆண்டுகளில், 1799-ல், அவன் தூக்கிலிடப்பட்டான். அருவிப் படத்தின் அமைதியில் அந்தக் கொந்தளிப்பின் சுவடே இல்லை.

அதனால் இப்படங்கள் பொய்யாகிவிடா. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையை நேப்பியர் பிரபு செப்பனிட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அதற்கு முந்தைய இடிபாட்டை அவர்கள் தீட்டிய படங்களில் இன்றும் காணலாம். கல்லையும் தூணையும் அவர்கள் சொன்னபடி நம்பலாம். அமைதியை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

தோழர்களே! அடுத்த முறை மண்டபத்துக்குப் போகும்போது படங்களின் முன் சற்றே நின்று பாருங்கள். பெட்டி பதிந்தது எது, ஓவியர் கூட்டியது எது, விட்டது எது என்று கேளுங்கள். பிறர் தீட்டிய நம் நாட்டை நாம் படிக்கும் முறை அதுவே.