கேமரா கடைசியில்தான்... செருப்பு டப்பாவில் தொடங்கும் கோடை போட்டோ வகுப்பு!

மே மாதம் வந்தாலே, லீவில் பிள்ளைகளை என்ன செய்வது என்பதுதான் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்குத் தலைவலி. வசதி உள்ளவர்கள் நீச்சல், கீபோர்டு, கம்ப்யூட்டர் என்று பணம் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நூலகமும், சமுதாயக் கூடமும், தெரு இளைஞர்கள் நடத்தும் இலவச வகுப்பும்தான். அங்கே ஓவியம், சிலம்பம் போல போட்டோ எடுக்கவும் சொல்லித் தரலாம்.

'கேமரா விலை என்ன ஆகுது... அதெல்லாம் நமக்கு எதுக்கு?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் முதல் 2 நாள் வகுப்புக்கு கேமராவே தேவையில்லை.

தலைகீழாகத் தெரியும் தெரு

ஒரு செருப்பு டப்பா போதும். ஒரு பக்கம் குண்டூசியால் சின்ன ஓட்டை. எதிர்ப்பக்க அட்டையை வெட்டி எடுத்துவிட்டு டிரேசிங் பேப்பர் ஒட்ட வேண்டும். ஓட்டையை வெயில் அடிக்கும் தெருப்பக்கம் காட்டி, தலையோடு சேர்த்து கறுப்புப் போர்வையை மூடிக்கொண்டு பார்த்தால், எதிர்வீடும் வேப்பமரமும் அந்தப் பேப்பரில் தலைகீழாகத் தெரியும்.

காரணம் ரொம்ப சுலபம். ஒளி நேர்கோட்டில்தான் போகும். மரத்தின் உச்சியில் இருந்து வரும் ஒளி ஓட்டை வழியே நுழைந்து கீழே விழுகிறது. அடியில் இருந்து வருவது மேலே போகிறது. விலை உயர்ந்த கேமராவுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. ஓட்டை இருந்த இடத்தில் லென்ஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஏப்ரல் கடைசி ஞாயிறை உலக ஊசித்துளை போட்டோ தினமாகவே கொண்டாடுகிறார்கள்.

மறுநாள் சாயம் வெளுக்கும் கலர் பேப்பர். மேலே ஒரு இலையை வைத்து, காற்றில் பறக்காமல் கண்ணாடியால் அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் ஒன்றிரண்டு நாள் விட்டால் சுற்றிலும் வெளுத்து, இலை வடிவம் மட்டும் நிற்கும். ஒளிதான் படம் வரைகிறது என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

ஒரு நாளைக்கு 10 படம்தான்!

மூன்றாம் நாள் செல்போன். 4 பிள்ளைக்கு ஒரு போன் இருந்தாலே சமாளிக்கலாம். சொல்லித்தர வேண்டியவை இவைதான்:

* முதலில் லென்சைத் துணியால் துடைக்கணும். படம் மங்கலாக வருவதற்குப் பாதி காரணம் கை எண்ணெய்ப்பசைதான்.
* உச்சி வெயிலில் முகத்தை எடுக்கக்கூடாது. கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். காலை 8 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின் எடுக்கலாம். பகலில் என்றால் வாசல்படி நிழல் நல்லது.
* ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தினால் முகம் இருட்டாகும். திரையில் முகத்தின் மேல் விரல் வைத்துத் தொட்டால் வெளிச்சம் கூடும்.
* ஜூம் வேண்டாம். 2 அடி முன்னே போகணும். சின்னக் குழந்தையை எடுக்க உட்காரணும்.

பிலிம் ரோலில் 36 படம்தான் இருந்தது. அதனால் யோசித்து எடுத்தார்கள். போனில் கணக்கே இல்லை. அதனால் 'ஒரு நாளைக்கு 10 படம்தான்' என்று வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது.

மீன் விற்ற தாயின் மகன்

குடிசை எரிந்தால், வெள்ளம் வந்தால்தான் நம்ம தெருவுக்குள் கேமரா வருகிறது. எடுப்பவர் வெளி ஆள். படத்தில் இருப்பவர் நாம். பிள்ளைகளின் கைக்கு கேமரா வந்தால் இது மாறும்.

மதுரையைச் சேர்ந்த எம்.பழனிக்குமாரின் தாயார் மீன் விற்றவர். கையால் மலம் அள்ளும் கொடுமையைச் சொன்ன 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு செய்தவர் பழனிக்குமார். தயானிதா சிங்-பாரி புகைப்பட விருது 2022ல் முதன்முதலாக இவருக்குத்தான் கிடைத்தது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிக் கொடுப்பவரும்கூட.

கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஜானா பிரிஸ்கி என்ற பெண் போட்டோகிராபர் சாதாரண பிலிம் கேமராவைக் கொடுத்து வகுப்பு எடுத்தார். அதைப் பற்றிய 'பார்ன் இன்டூ பிராதல்ஸ்' ஆவணப்படம் 2005ல் ஆஸ்கார் வாங்கியது. பிள்ளைகள் எடுத்த படங்களை விற்று வந்த பணம் அவர்கள் படிப்புக்குப் போனது. ஆனால் தாய்மார்களின் வாழ்க்கையை ஊர் உலகத்துக்கே காட்டிவிட்டார்களே என்ற கண்டனமும் எழுந்தது.

கேட்டுவிட்டு எடு!

அதனால்தான் வெளிச்சத்தைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. 'அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?' என்று கேட்பது. வேண்டாம் என்றால் போனை இறக்கிவிட வேண்டும். குளிக்கும் இடம், தூங்குகிறவர், அழுகிறவர், குடித்துவிட்டுக் கிடப்பவர்... இதெல்லாம் கூடாது. கேட்காமல் எடுத்த ஒரு படத்தால் தெருவில் சண்டையே வந்துவிடும்.

வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போன் கேமராவில் லொகேஷனை ஆப் செய்ய வேண்டும். பிள்ளைகளின் பெயர், பள்ளி, தெரு தெரியும்படி படங்களை வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போடக்கூடாது. பெற்றோரும் 'யார் சொல்லித் தர்றாங்க, படமெல்லாம் எங்கே போகுது?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கடைசி நாளில் ஆளுக்கு ஒரு நல்ல படத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, சமுதாயக் கூடத்தில் கயிறு கட்டி கிளிப்பில் மாட்டலாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எடுத்த பிள்ளையே 2 வரி எழுத வேண்டும். மூட்டை தூக்கும் அப்பா, பூ கட்டும் அம்மா, தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் பாட்டி... வேலை முடிந்து வருகிறவர்களும் பார்க்க வசதியாக, கண்காட்சியை சாயங்காலம் 7 மணிக்கு மேல் வைத்தால் நல்லது.