குளத்துக்குள் ஒரு கோலி சோடா

நீச்சல் குளத்தில் ஆசிட் ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெற்றோர் பலர் திடுக்கிடுகிறார்கள். பிள்ளைகள் வாயில் மொண்டு கொப்பளித்து விளையாடும் தண்ணீரில் கழிப்பறை கழுவும் திராவகமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். குளத்துக்கு வரும் ஆசிட் கேனில் இருப்பதும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம். பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டிய கரைசல். உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த முரியாடிக் அமிலம் என்பது அதன் பழைய பெயர். குளோரின் கிருமியைக் கொல்லும் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குளோரினை முழு வீரியத்தோடு வேலை செய்ய விடுவது இந்த அமிலம்தான். அளந்து ஆசிட் விடாத குளத்தில் குளோரினுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு வீண்.

ஹைப்போ எனப்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றினாலும் பிளீச்சிங் பவுடர் கரைத்தாலும் குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். மின்னேற்றம் இல்லாததால் கிருமியின் உறைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். மற்றது ஹைப்போகுளோரைட் அயனி. எதிர்மின்னேற்றம் உள்ள இதைக் கிருமியின் உறை எளிதில் அண்டவிடாது. கொல்லும் திறன் மிகக் குறைவு. எது எவ்வளவு இருக்கும் என்பதை, அமிலம் கூடினால் இறங்கும், காரம் கூடினால் ஏறும் பி.எச். என்ற அளவு முடிவு செய்கிறது. பி.எச். 7.5 என்றால் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. 7.2-ல் வீரியமுள்ள வடிவம் மூன்றில் இரண்டு பங்கு. 8-க்கு ஏறிவிட்டால் கால் பங்குதான் மிஞ்சும். இந்த மூன்று நிலையிலும் சோதனைக் குழாயில் குளோரின் அளவு ஒன்றாகவே தெரியும் என்பதுதான் ஏமாற்று. திறந்தவெளிக் குளங்களில் வெயிலுக்குக் குளோரின் கெடாமலிருக்கச் சயனூரிக் அமிலம் சேர்ப்பார்கள். அங்கே இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் மறுப்புச் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பி.எச். ஏறினால் அந்தக் குளத்திலும் டைல்ஸில் சுண்ணாம்பு படியும், தண்ணீர் கலங்கும், கண் எரியும். மிக இறங்கினாலோ சிமென்ட் பூச்சையும் செம்புக் குழாயையும் அரிக்கும். நம் கண்ணீரின் பி.எச். 7.4-ஐ ஒட்டியது, குளத்துக்குச் சொல்லப்படும் 7.2 முதல் 7.8 வரையிலான எல்லைக்குள்தான் அதுவும் இருக்கிறது.

இந்த எல்லைக்குள் ஒருமுறை கொண்டுவந்தால் தண்ணீர் அப்படியே நிற்க வேண்டியதுதானே? நிற்காது. ஒருவரும் இறங்காமல், எதையும் கலக்காமல் விட்டுவைத்தாலும் பி.எச். தானாக மெல்ல ஏறும். இந்த விந்தைக்கு விடை கோலி சோடாவில் இருக்கிறது. கோலியை அழுத்தியதும் பொங்குவது தண்ணீருக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு. அது வெளியேற வெளியேற சோடாவின் சுள்ளென்ற புளிப்பு குறைந்து, சற்று நேரத்தில் சப்பென்று ஆகிவிடும். குளத்துத் தண்ணீரும் மிகமிக நீர்த்த ஒரு சோடாதான். அதில் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. அதோடு, காற்றோடு சமநிலையில் இருந்தால் தங்கக்கூடியதைவிடக் கூடுதலாகக் கரியமில வாயுவும் இருக்கிறது. அந்த உபரி மேற்பரப்பு வழியாக ஓயாமல் தப்பிக்கொண்டே இருக்கும். வாயு போனால் புளிப்பு போகும், பி.எச். ஏறும். செயற்கை அருவியும் நீரூற்றும் பிள்ளைகளின் குதியாட்டமும் சோடா பாட்டிலைக் குலுக்குவது போலத்தான், ஏற்றம் வேகமாகும். பைகார்பனேட்டின் கையிருப்பு கூடக் கூட இந்த ஏற்றமும் கூடும்; அந்தக் கையிருப்பை மொத்தக் காரத்தன்மை என்று அளக்கிறார்கள். குளத்துக்கு லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் போதும் என்பது பரவலான வழிகாட்டல். இந்தியக் குடிநீர்த் தரமோ 200 வரை ஏற்கிறது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த போர்வெல் தண்ணீரை நிரப்பிய குளம்கூட ஆசிட்டை ஏன் இப்படி விழுங்குகிறது என்பதற்கு இதுவே காரணம்.

ஊற்றிய ஆசிட் என்ன ஆகிறது என்று பார்த்தால் பெற்றோரின் பயமும் தெளியும். காரத்தன்மை 100 உள்ள ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் பி.எச்.சை 7.8-லிருந்து 7.5-க்கு இறக்க முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் ஆசிட் போதும். தண்ணீரில் கலந்ததும் அது பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் சாதாரண உப்பாகவும் மாறிவிடுகிறது. அந்த உப்பு அரைக் கிலோவை ஒட்டியது. அதே அளவு கடல்நீரில் இருப்பது சுமார் மூன்றரை டன். ஆக, நன்றாகக் கலந்த குளத்தில் பிள்ளைகள் நீந்துவது திராவகத்தில் அல்ல. பிறகு அந்த வாயுவும் வெளியேறி பி.எச். மறுபடி ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் காரத்தன்மை சற்றுக் குறைந்திருக்கும், அடுத்த ஏற்றம் மெதுவாகும். பொறுமையாகச் சிறிது சிறிதாக விட்டுவந்தால் குளம் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். பொறுமையில்லாதவர் ஒரேயடியாகக் கொட்டி, பி.எச். அதலபாதாளத்துக்குப் போனதும் சோடா மாவைப் போட்டுத் தூக்குகிறார். அது காரத்தன்மையையும் சேர்த்தே தூக்குகிறது. செய்த வேலையெல்லாம் பாழ். ஓரிடத்தில் கொட்டுவதும் தவறு. அடர்ந்த ஆசிட் தண்ணீரைவிட எடை கூடியது; கலக்காமல் நேரே தரைக்கு இறங்கிப் பூச்சைத் தின்னும். பம்ப் ஓடும்போது, சுத்திகரித்த தண்ணீர் உள்ளே பாயும் இடத்தில், நூலாக விட வேண்டும்.

இத்தனை ஆபத்தான சரக்கு எதற்கு, வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தூளாக வரும் சோடியம் பைசல்பேட் கையாளச் சுலபம். ஆனால் அதன் சல்பேட் குளத்திலேயே சேர்ந்து நாளடைவில் சிமென்ட்டைப் பதம்பார்க்கும். கரியமில வாயுவையே செலுத்தினால் பி.எச். இறங்கும், காரத்தன்மை இறங்காது. காரத்தன்மை மிகுந்த நீரில் அது தீராத வேலை. ஆகவே ஆசிட்டை விலக்குவதைவிட அதை மரியாதையோடு கையாள்வதே விவேகம். அந்த மரியாதையைத்தான் பல பம்ப் ரூம்களில் காணோம். மூடி திறந்ததும் ஈரக்காற்றில் வெண்புகை விடும் கேன். இறுக மூடினாலும் கசியும் ஆவியில் துருவேறும் இரும்பு. பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர் மூட்டை. 1774-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் ஷீலே இதே அமிலத்தை மாங்கனீஸ் தாதுவோடு சேர்த்தபோது வெளிப்பட்டதுதான் குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ரெஸ் போர்முனையில் வீரர்களைக் கொன்றதும் அதே வாயு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் கலந்தால் கிளம்புவதும் அதுவே. ஆசிட் விற்கப் பதிவேடும் வாங்குபவரின் அடையாள அட்டையும் வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாங்குபவரிடம் கணக்குக் கேட்கும் நாம், ஊற்றும் தொழிலாளிக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுத்தோமா என்று கேட்பதில்லை.

அளப்பது பெரிய வித்தை அல்ல. முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்து, சின்னக் குழாயில் நிரப்பி, பீனால் ரெட் சொட்டுகளை விட்டால் போதும். மஞ்சளாக நின்றால் பி.எச். தாழ்வு, சிவந்தால் உயர்வு. தேவையான இடம் இடைப்பட்ட ஆரஞ்சு கலந்த சிவப்பில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறதே என்று இதைத் தவிர்ப்பவர்கள், பி.எச். கண்ணுக்குத் தெரியாது என்பதை மறக்கிறார்கள். பிள்ளையை நீச்சலுக்கு விடும்போது 'குளோரின் போட்டாச்சா?' என்று கேட்டுத் திருப்தியடைய வேண்டாம். 'இன்னைக்கு பி.எச். எவ்வளவு?' என்று கேளுங்கள். எழுதிவைத்த நோட்டைப் பார்த்து எண் சொல்லும் குளத்தில்தான் போட்ட குளோரின் வேலை செய்கிறதா என்று யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்கள்.