கதைமாந்தரும் மையக்கருத்தும்: இடைசெவல் தந்த இரு குடும்பக் கதைகள்

குடும்பத்தைப் பற்றிய ஒரு சிறுகதையின் மையக்கருத்து யாது என வினவினால், ‘வறுமை’ என்றோ ‘தாயன்பு’ என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது பலரது வழக்கம். அவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவுடையதும் அன்று. வறுமை என்பது கதை எதனைப் பற்றியது என்பதை மட்டும் காட்டும். அது கதைப்பொருள். அவ்வறுமைக்குள் வாழும் மனிதரைப் பற்றிக் கதை உணர்த்தும் உண்மையே மையக்கருத்து. கதைமாந்தரின் சொல்லையும் செயலையும் கூர்ந்து நோக்குவோர்க்கே அது புலப்படும்.

நிலமும் கதையும்

கோவில்பட்டி, பசுவந்தனை, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது கரிசல் நிலம். ஆற்றுப்பாசனம் இல்லாத இம்மானாவாரிப் பகுதியில் பருத்தி, கம்பு, சோளம் முதலியன வானத்தை நம்பியே விளைகின்றன. மழை பொய்க்குமாயின் விளைச்சல் குறையும். குடும்பத்தலைவர் கூலி வேலை தேடி வெளியூர் செல்ல நேரிடும்.

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தனர். இளமை முதலே நண்பர்களான இவ்விருவரும் பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர். கி. ராஜநாராயணனின் ‘கதவு’, அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ ஆகிய இரண்டும் ஏழைக்குடும்பக் கதைகள். இரண்டிலும் தந்தை கதையின் முன்னிலையில் இல்லை. தாயும் பிள்ளைகளுமே நடமாடுகின்றனர். எனினும் இவற்றின் மையக்கருத்து ஒன்றன்று.

கதவு: ஒரு பொருள், பல பார்வைகள்

லட்சுமி, சீனிவாசன் ஆகிய சிறுவர்க்கும் அவர்தம் தோழர்க்கும் வீட்டின் பழைய கதவே விளையாட்டு வண்டி. சிலர் ஏறி நிற்க, சிலர் தள்ளி ஆட்டுவர். அவர்களின் தந்தை வேலை தேடி மணிமுத்தாறு சென்றவர், அவரிடமிருந்து செய்தியில்லை. தீர்வைப் பாக்கிக்காக ஊர்த் தலையாரி ஆட்களுடன் வந்து கதவைக் கழற்றிச் சென்றுவிடுகிறார். கதவற்ற வீட்டினுள் குளிர்காற்று புகுகிறது. கைக்குழந்தை நோயுற்று இறக்கிறது.

இக்கதையை ஆராய்வோர் முதலில் கேட்கவேண்டியது, அக்கதவு யாருக்கு என்னவாக இருக்கிறது என்பதே. அரசின் கணக்கில் அது பாக்கிக்கு ஈடான மரப்பலகை; தாய் ரங்கம்மாளுக்குக் காற்றையும் குளிரையும் தடுக்கும் காவல்; பிள்ளைகளுக்கோ உடன் விளையாடும் தோழன். ஒரே பொருளை ஒவ்வொருவரும் காணும் முறையிலேயே அவரவர் பண்பு வெளிப்படுகிறது. கதவு கழற்றப்படுவதையும் தொடக்கத்தில் பிள்ளைகள் வேடிக்கையாகவே காண்கின்றனர். இழப்பின் ஆழத்தை அவர்கள் அப்போது அறியார், படிப்பவர் அறிவர். அவ்விடைவெளியே துயரத்தை மிகுவிக்கிறது.

தலையாரியைக் கொடியவர் என ஒதுக்கிவிடுதலும் எளிது. அவர் மேலிருந்து வந்த ஆணையை நிறைவேற்றும் கடைநிலை ஊழியர். கொடுமை ஒருவரின் உள்ளத்தில் மட்டும் இல்லாமல், மழையற்ற ஆண்டிலும் மாறாத தீர்வை முறையில் இருப்பதை ஆசிரியர் இவ்வாறு உணர்த்துகிறார்.

முடிவில், சாவடியின் பின்புறத்தில் கரையான் ஏறிக் கிடக்கும் தங்கள் கதவைப் பிள்ளைகள் காண்கின்றனர். அதனைத் துடைத்துத் தழுவிக்கொள்கின்றனர். இங்கு ஆசிரியர் விளக்கம் எதுவும் தருவதில்லை. எனினும், பிறர் விலை மதிப்பிட்ட பொருளில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருந்தது என்பது அந்தத் தழுவலால் விளங்குகிறது. ‘வறுமை’ என்னும் ஒற்றைச்சொல் இவ்வுண்மையை எட்டாது.

ராஜா வந்திருக்கிறார்: தயக்கமும் கொடையும்

தீபாவளிக்கு முன்னாள் இரவு, எச்சில் உணவை நாடித் திரியும் ஆதரவற்ற சிறுவன் ஒருவன், தாயம்மாளின் எளிய இல்லத்தில் அடைக்கலம் பெறுகிறான். அவன் பெயர் ராஜா. மங்கம்மாள், செல்லையா, தம்பையா ஆகிய தன் மக்களுக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டும் தாய், அவனையும் நீராட்டுகிறாள். உடுத்த அவனுக்குத் துணியில்லை. கணவருக்கென வைத்திருந்த துண்டு ஒன்றே வீட்டில் எஞ்சியிருக்கிறது. தாயம்மாள் தயங்குகிறாள், பின்பு அதனை அவனுக்குக் கொடுக்கிறாள்.

பாத்திரப் பண்பை ஆராய்வோர் கொடையை மட்டும் கண்டு ‘தாயம்மாள் இரக்கமுடையவள்’ என முடித்தல் போதாது. தயக்கமும் அவள் பண்பின் ஒரு பகுதியே. மிகுதியாக உள்ளவர் எளிதில் கொடுக்கலாம். ஒன்றே உடையவர் கொடுக்கும்போது உள்ளத்தில் போராட்டம் எழும். அப்போராட்டம் இல்லையெனில் தாயம்மாள் நல்லொழுக்கத்தின் உருவகமாக மட்டுமே நின்றிருப்பாள். தயக்கம் அவளை உயிருள்ள பெண்ணாக்குகிறது.

செல்வர் வீட்டுச் சிறுவன் ராமசாமியின் இல்லத்திற்கும் ஒரு ‘ராஜா’ வருகிறார். அவர் ஜமீன் குடும்பத்து மருமகன். மங்கம்மாளோ தங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருப்பதாக மகிழ்ந்துரைக்கிறாள். அவள் சொல்லில் போட்டியோ பொறாமையோ இல்லை. பெயர் ஒன்றாயினும் விருந்தினர் இருவர்; அவர்களை ஒரே பெருமையோடு வரவேற்கிறது குழந்தை உள்ளம். பிறப்பால் மட்டுமன்றி ஏற்றுக்கொள்வதாலும் குடும்பம் உருவாகும் என்பதே இக்கதையின் மையக்கருத்து.

ஒப்பீடும் பயனும்

முதற்கதையில் புறத்திலிருந்து வந்த ஆணை வீட்டின் கதவை எடுத்துச் செல்கிறது. இரண்டாம் கதையில் வீட்டார் தாமே கதவைத் திறந்து ஒருவனை உள்ளே ஏற்கின்றனர். கரிசல் நிலத்து ஏழ்மை இரண்டிற்கும் பொதுவான பின்னணியாக இருப்பினும், மாந்தரின் செயல்கள் வெவ்வேறு ஆதலின் மையக்கருத்தும் வேறாகிறது.

ஆகவே குடும்பக்கதை ஒன்றை ஆராயும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பலாம். கதையில் மீண்டும் மீண்டும் வரும் பொருள் எது? அது ஒவ்வொருவருக்கும் என்ன பொருள் தருகிறது? எந்த இடத்தில் ஒருவர் தயங்குகிறார் அல்லது தெரிவு செய்கிறார்? இவற்றிற்குக் கதையினுள்ளிருந்தே சான்று காட்டி விடை எழுதினால், மையக்கருத்து தானே துலங்கும். தீர்வைக் கணக்கு அக்குடும்பத்தைப் பாக்கித்தொகையாக மட்டும் கண்டது. ஒற்றைச்சொல் விடையும் அதே பிழையைச் செய்யக்கூடும். கதைமாந்தரை முழுமையாகக் காணும் பயிற்சி அப்பிழையிலிருந்து படிப்பவரைக் காக்கிறது.