‘நோ சிக்னல்’ என்றால் பலகை போய்விட்டது என்று அர்த்தமில்லை

புதிதாக வாங்கிய ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் லினக்ஸ் எழுதிய எஸ்டி கார்டைச் செருகி மானிட்டரை இணைத்தால், ‘நோ சிக்னல்’ என்று மட்டும் வருகிறது. பலகை போய்விட்டது என்று இன்னொன்று வாங்கக் கிளம்புபவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பை 4, பை 5 பலகைகளில் கார்டை எடுத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், தன் நிலையைச் சொல்லும் ஒரு திரையை அவை காட்ட வேண்டும். காட்டினால் பலகை, கேபிள், மானிட்டர் மூன்றும் பேசிக்கொள்கின்றன. கோளாறைக் கார்டிலோ லினக்ஸ் அமைப்பிலோ தேடலாம்.

காட்டாவிட்டால் கேபிளைப் பாருங்கள். 2019இல் வந்த பை 4இல் இரண்டு மைக்ரோ ஹெச்டிஎம்ஐ துளைகள். ஒரே மானிட்டர்தான் என்றால், மின்சாரம் செல்லும் யூஎஸ்பி-சி துளையை ஒட்டியுள்ளதில் செருக வேண்டும். பை 4இன் முதல் பதிப்பில் யூஎஸ்பி-சி வடிவமைப்பிலேயே ஒரு பிழை இருந்ததால், சில உயர்ரக கேபிள்கள் மின்சாரமே தரவில்லை. தயாரிப்பாளர்கள் அதை ஒப்புக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

தான் ஏற்கும் பட அளவுகளை மானிட்டர் ‘இடிஐடி’ என்ற சிறு தகவல் தொகுப்பாகப் பலகைக்கு அனுப்புகிறது. இது வந்து சேராவிட்டால் படம் வராது, அல்லது அளவு மாறி வரும். அப்போது அளவை நாமே எழுதித் தரலாம். ஆனால் பழைய குறிப்புகளை அப்படியே நம்பக் கூடாது. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தின் 2021இல் வந்த புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து திரையைக் கையாளும் பொறுப்பு லினக்ஸ் கெர்னலுக்குப் போனது. கான்ஃபிக் கோப்பில் ஹெச்டிஎம்ஐ அளவைக் குறிக்கும் பழைய வரிகளை அது கண்டுகொள்வதில்லை. இப்போது கமாண்ட்லைன் கோப்பில்தான் எழுத வேண்டும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் வேறு. ஹெச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். உள்ளே மாற்றும் சில்லு இல்லாத வெறும் கேபிள் எந்தப் பலகையிலும் வேலை செய்யாது.

இங்கேதான் நுகர்வோர் உரிமைப் பேச்சு வருகிறது. பலகையும் மானிட்டரும் தனித்தனியே நன்றாக இயங்கி, சேரும்போது மட்டும் ஒத்துவராவிட்டால் அதைப் பழுது என்று சொல்வது கடினம். ஆனால் ‘பை 4க்குப் பொருந்தும்’ என்று விளம்பரம் செய்து விற்ற கேபிள் பொருந்தாவிட்டால், விற்றவர் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாருக்கு ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன.

ஆகவே ரசீதையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். கார்டு இல்லாமல் செய்த சோதனையை வீடியோ எடுத்து வையுங்கள். விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.