மரத்தின் காயமும் மரத்தின் கவசமும்

உயிரோடு நிற்கும் மரத்துக்குப் பட்டையும் பிசினும் பாலும் காவலாகும். வெட்டுண்டு தூணாகவும் பெட்டியாகவும் கிண்ணமாகவும் மாறிய மரத்துக்கு அக்காவல் இல்லை. நீரும் பூஞ்சணமும் கறையானும் அதனை எளிதில் மேற்கொள்கின்றன. ஆதலின், மரத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய மனிதன் அதற்குப் பூச்சொன்றையும் தேட வேண்டியவனானான். அவன் கண்ட பழம் பூச்சுக்களுட் பல மரங்களிடமிருந்தே பெறப்பட்டவை என்பது சிந்திக்கத் தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் பெற்றோலிய வர்ணங்கள் இவற்றைப் பெரும்பாலும் புறந்தள்ளின. அவ்வர்ணங்களின் கரைப்பான்கள் காற்றிற் கலந்து விளைக்கும் கேடு உணரப்பட்ட பின்னர், தாவரப் பொருள்களாற் பூச்சுச் செய்யும் முயற்சி ஆய்வுகூடங்களில் மீண்டும் முனைப்புப் பெற்றுள்ளது. அம்முயற்சியின் பயனையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே உணர்த்தவல்ல பழம் பொருள் யப்பானின் உருஷி.

உருஷி என்பது அப்பெயருடைய மரத்தின் பால். நம்மவர் அறிந்த அரக்கு வேறு, இது வேறு. அரக்கு, பூச்சியொன்று சுரக்கும் பிசின். மாத்தளைக் கைவினைஞர் சூட்டினால் இளக்கி மரத்தில் ஏற்றுவது அதனையே. அது வெப்பத்தில் இளகும், மதுசாரத்திற் கரையும். உருஷியோ ஒருமுறை இறுகினால் மீள இளகுவதில்லை.

அது இறுகும் வகை வியப்புக்குரியது. ஏனைய வர்ணங்கள் உலர்ந்த காற்றை நாடும்; உருஷி ஈரத்தை நாடும். 20 முதல் 25 பாகை வெப்பமும், நூற்றுக்கு 70 முதல் 80 வரையான ஈரப்பதனும் உள்ள பேழையில் அது நன்கு இறுகுகிறது. பாலிலுள்ள நொதியமொன்று காற்றின் ஒட்சிசனைக் கொண்டு உருஷியோல் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பல்பகுதியமாக்குகிறது. இந்நொதியத்தின் செயலை 1883 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் யொஷிதா வெளியிட்டார். பின்னர் பிரெஞ்சு அறிஞர் பேர்ட்ரன் அதற்கு லக்கேசு எனப் பெயரிட்டார். மரம் தன் காயத்தை மூடுதற்குக் கொண்ட வித்தையே மனிதனின் கிண்ணத்தையும் காக்கிறது. நீர், அமிலம், மதுசாரம் ஆகியவற்றை இப்பூச்சு நன்கு தாங்கும்.

ஆயினும் அதற்குப் பகையொன்று உண்டு; அது ஞாயிற்றின் ஊதாக் கடந்த கதிர். வெயில் படும் கட்டடங்களில் உருஷி காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படல் வேண்டும். நிக்கோ நகரின் தோஷோகு ஆலயத்து யோமெய் வாயில் 2017 இல் இவ்வாறு திருத்தி முடிக்கப்பட்டது. மரத்திலேயே உள்ள இலிக்னின் இக்கதிரை உறிஞ்சவல்லது. கடதாசி ஆலைகள் கழிவாக ஒதுக்கும் இலிக்னினைப் புதிய பூச்சுக்களிற் சேர்க்கும் ஆய்வுகள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. மரத்தின் குறைக்கு மரமே மருந்தாகின்றது எனலாம்.

இனி, விலையைப் பார்ப்போம். நட்டு 10, 15 ஆண்டுகள் வளர்ந்த மரத்தையே கீறுவர். கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை கீற்றின் மேற் கீற்றாக இட்டாலும், ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர். ஒரு கிண்ண அளவே. அதன்பின் மரத்தை வெட்டிவிடுவர். அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் எழும். இத்துணை உழைப்பை விரும்புவோர் அருகினர். யப்பான் பயன்படுத்தும் உருஷியிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவிலிருந்து வரும் நிலை தோன்றியது. 2015 இல் அந்நாட்டுப் பண்பாட்டுத் திணைக்களம், தேசியப் பொக்கிஷங்களாகப் பேணப்படும் கட்டடங்களின் திருத்தத்துக்கு உள்நாட்டு உருஷியையே பயன்படுத்துமாறு பணித்தது. பணிப்புரை ஒரு நாளிற் பிறந்துவிடும். மரம் அவ்வாறு பிறப்பதில்லை. இவாத்தே மாகாணத்து ஜொபோஜி முதலிய ஊர்களில் மரக்கன்று நடுதலும், கீறும் கலையை இளையோர்க்குப் பயிற்றுதலும் இன்றியமையாத கடமைகளாயின.

உருஷி நமக்கு முற்றும் அந்நியமன்று. அது மாமரத்தின் குடும்பத்தைச் சார்ந்தது. மாங்காய்ப் பால் உதட்டைச் சுடுவதும், சேராங்கொட்டைச் சாறு துணியில் அழியாக் குறியிடுவதும், மரமுந்திரிகைக் கொட்டை உடைப்போரின் விரல்கள் வெந்து கறுப்பதும் இவ்வினத்துப் பொருள்களாலேயே. உருஷியும் பச்சைப் பாலாக இருக்கையிற் கைகளைக் கொப்புளிக்கச் செய்யும். தாவரத்திலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் சுடுகின்ற அதே பொருளே காக்கவும் செய்கிறது. மரமுந்திரிகைக் கோது எண்ணெயிலிருந்து யப்பானியர் உருஷிக்கு மாற்றுப் பூச்சுச் செய்தனர். இந்தியாவின் மேற்குக் கரையோர மீனவர் அவ்வெண்ணெயைத் தம் வள்ளங்களுக்குப் பூசினர். மட்டக்களப்பிலும் புத்தளத்திலும் பருப்பை எடுத்தபின் எஞ்சும் கோது, ஆகவே, வெறுங் குப்பையன்று.

இயற்கைப் பூச்சு என்னும் சொல் இன்று விளம்பரங்களில் இனிதாக ஒலிக்கிறது. அப்பூச்சு நிலைபெறுவதற்கு ஆய்வுகூடம் மட்டும் போதாது. பாலைத் தரும் மரத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நட்டவன் ஒருவன் இருந்திருத்தல் வேண்டும். அதனைக் கீறுங் கையை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தவன் ஒருவனும் இருந்திருத்தல் வேண்டும்.