ஒளிவட்டமும் பெயரும்: மரபு மீறிய கத்தோலிக்கத் திருவுருவப் படிமங்கள் குறித்த சர்ச்சை

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள மெஸ்கலேரோ, அப்பாச்சி பழங்குடியினரின் ஊராகும். அங்குள்ள புனித யோசேப்பு ஆலயத்தில், பீடத்திற்குப் பின்புறம் சிலுவைக்குக் கீழே, எட்டடி உயரமுள்ள படம் ஒன்று 35 ஆண்டுகளாக இருந்துவந்தது. இயேசுவை அப்பாச்சி மக்களின் சடங்குப் பெரியவராகக் காட்டும் படம் அது. 2024 ஜூன் இறுதியில் பங்குத்தந்தை அதனை அகற்றினார். பங்கு மக்கள் வந்து பார்த்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. அப்பாச்சியராகவும் கத்தோலிக்கராகவும் ஒருங்கே இருத்தல் இயலுமா என்னும் வினா அச்சுவரின் முன் எழுந்தது.

அப்படத்தை 1989இல் தீட்டியவர் பிரான்சிஸ்கன் துறவியான இராபர்ட் லென்ட்ஸ். இவருடைய வேறு பல படிமங்கள் அதற்கு முன்னரே மரபுவழிக் கத்தோலிக்கரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தவை. அவ்வெதிர்ப்பினுள் தம்முள் வேறான இரு வாதங்கள் கலந்து கிடக்கின்றன. ‘யாரை வரைவது’ என்பது ஒன்று. ‘எவ்வாறு வரைவது’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே சர்ச்சையின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

படிமத்தின் இலக்கணம்

கீழைத் திருச்சபை மரபில் ‘ஐகான்’ எனப்படும் படிமம் வெறும் சமய ஓவியம் அன்று. அதற்கெனக் கட்டமைந்த இலக்கணம் உண்டு. பொன்னிறப் பின்புலம் இறையொளியைக் குறிக்கும். முகம் பெரும்பாலும் காண்போரை நேர்நோக்கும். தலையைச் சூழும் ஒளிவட்டம் தூய்மைக்கு அடையாளம்; இயேசுவின் ஒளிவட்டத்தில் மட்டும் சிலுவைக் கோடுகள் இடம்பெறும். இவை அனைத்தினும் இன்றியமையாதது பெயர்ப்பொறிப்பு. பெயர் எழுதப்பெறாத படிமம் முழுமை பெற்றதாகக் கருதப்படுவதில்லை. இயேசுவின் பெயரைச் சுட்டும் கிரேக்கச் சுருக்கெழுத்துகள் இருபுறமும் இடப்பட்ட பின்னரே அது அவரது படிமம் ஆகிறது.

இவ்விலக்கணத்திற்கு இறையியல் அடிப்படை தந்தது கி.பி. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம். படிமத்திற்குச் செலுத்தப்படும் மதிப்பு, அதில் காட்டப்பெற்றவரையே சென்றடைகிறது என்று அச்சங்கம் வரையறுத்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ‘ஆராதனை’ என்பது இறைவனுக்கும் ‘வணக்கம்’ என்பது புனிதர்க்கும் உரியதாக இன்றும் வேறுபடுத்தப்படுவது இவ்வரையறையின் தொடர்ச்சியே.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. படிமத்தின் வடிவமே ஒரு கூற்று. ஒருவரைச் சாதாரண உருவப்படமாக வரைவது அவரை நினைவுகூர்வதாக மட்டும் அமையலாம். பொற்பின்புலமும் ஒளிவட்டமும் பெயர்ப்பொறிப்பும் சேர்த்து வரைந்தால், ‘இவர் வணக்கத்திற்குரியவர்’ என்னும் பொருள் ஓவியர் வாய் திறவாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. மரபாளர்களின் எதிர்ப்பை வெறும் பழமைப் பற்று எனத் தள்ளுவோர் இந்த நுட்பத்தைக் கவனிப்பதில்லை.

தடையும் அதன் வரலாறும்

படிமங்களை நெறிப்படுத்தும் முயற்சி இக்காலத்தில் தோன்றியதன்று. திரிதெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில் நிகழ்ந்த தனது இறுதி அமர்வில், வழக்கத்திற்கு மாறான எந்த உருவத்தையும் ஆயரின் ஒப்புதலின்றி ஆலயத்தில் வைத்தலாகாது என விதித்தது. திருத்தந்தை எட்டாம் உர்பான் 1625இல் இன்னும் கூர்மையாக, திருச்சபையால் அறிவிக்கப்படாதவர்களின் உருவங்களை ஒளிவட்டத்தோடு காட்டுவதைத் தடைசெய்தார். தூய ஆவியை இளைஞர் வடிவில் வரையும் வழக்கத்தைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1745இல் ஏற்க மறுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் கலைப்பாணியை நோக்கி நகர்ந்தது. பெல்ஜிய ஓவியர் ஆல்பெர்ட் செர்வாஸ் வரைந்த சிலுவைப்பாதைப் படங்கள் 1921இல் உரோமையின் ஆணையால் அகற்றப்பட்டன. பிரான்சின் அசி என்னும் மலையூரில் 1950இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆலயத்திற்கு ஜெர்மேன் ரிஷியே வடித்த சிலுவையுருவும் அவ்வாறே எதிர்ப்புக்கு உள்ளானது. முகமற்றதாய், அரிக்கப்பட்ட மரத்துண்டு போலத் தோன்றிய அவ்வுருவம் 1951இல் ஆயரின் ஆணைப்படி பீடத்திலிருந்து நீக்கப்பட்டு, 1969இல் மீண்டும் பழைய இடத்தை அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என அறிவித்திருந்தது. அதே சாசனம், இறைநம்பிக்கைக்கு முரணான படைப்புகளை ஆலயங்களிலிருந்து விலக்கும் பொறுப்பையும் ஆயர்களிடம் ஒப்படைத்தது. இன்றைய சர்ச்சையில் ஒரு தரப்பார் முன்னதையும் மற்றொரு தரப்பார் பின்னதையும் மேற்கோளாகக் கொள்கின்றனர்.

லென்ட்ஸின் படிமங்கள்

கொலராடோவில் வளர்ந்த லென்ட்ஸ், உருசிய மரபுவழிக் குடும்பத்தவர். 1977இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரிலுள்ள கீழைத் திருச்சபை மடத்தில் முறைப்படி படிமக்கலை பயின்றவர். ஆகவே இலக்கணம் அறியாமல் மீறியவர் என்று இவரைக் கூற இயலாது. எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, மார்ட்டின் லூதர் கிங், காந்தியடிகள், சான் பிரான்சிஸ்கோவில் கொலையுண்ட அரசியலாளர் ஹார்வி மில்க் ஆகியோரை இவர் ஒளிவட்டத்தோடு வரைந்தார். ‘கிறிஸ்து சோபியா’ என்னும் படிமத்தில் இயேசு பெண்ணுருவில், தொல்பழங்காலத் தாய்த்தெய்வச் சிற்பத்தைக் கையிலேந்தியவராகக் காட்டப்பெற்றார். எதிர்ப்பு வலுத்த நிலையில் 2005இல், சர்ச்சைக்குள்ளான பத்துப் படிமங்களின் பதிப்புரிமையை லென்ட்ஸ் விட்டுக்கொடுத்தார்.

மரபாளர்களின் வாதம் இங்கு வலிமையுடையது. காந்தியடிகள் திருமுழுக்குப் பெற்றவர் அல்லர். பெற விரும்பியவரும் அல்லர். அவரைக் கிறித்தவப் படிம வடிவில் அமைப்பது திருச்சபையின் விதியை மீறுவதோடு அவரது சமயத் தன்னிலையையும் மறைத்துவிடுகிறது. யூதராகப் பிறந்த மில்க்குக்கும் இது பொருந்தும். உயர்வு கருதிச் செய்த செயல், உயர்த்தப்பட்டவரின் அடையாளத்தைக் கேளாமலே மாற்றுவதாக முடிகிறது. இக்குறை மரபாளர் வாதங்களில் போதிய அழுத்தம் பெறவில்லை என்பது வியப்பிற்குரியது.

ரொமேரோ பற்றிய வழக்கு வேறு. 1980இல் திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர் 2015இல் அருளாளராகவும் 2018இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். உர்பானின் விதிப்படி நோக்கினால் லென்ட்ஸின் படிமம் வரையப்பட்ட நாளில் வழு, இன்று வழாநிலை. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை.

மரபு எனப்படுவதும் ஒருபடித்தானது அன்று. ஒளிவட்டம் கிறித்தவத்திற்கு முற்பட்டது. உரோமானியர் தம் கதிரவக் கடவுளுக்கும் பேரரசருக்கும் இட்டு வழங்கியது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரவென்னா நகரின் புனித வித்தாலிஸ் ஆலயப் பதிகல் ஓவியங்களில் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் ஒளிவட்டத்துடனேயே நிற்கின்றனர். அங்கு அது ஆட்சியின் மாண்பைக் குறித்தது. உரோமையின் புனித பிராசேதிஸ் ஆலயத்தில், ஒன்பதாம் நூற்றாண்டுத் திருத்தந்தை முதலாம் பாஸ்கல் சதுர வடிவ ஒளிச்சட்டத்தோடு காணப்படுகிறார். படம் அமைக்கப்பட்ட காலத்தில் அவர் உயிருடன் இருந்தார் என்பதை உணர்த்தும் குறி அது. மதிப்பிற்குரியவர், ஆயினும் புனிதர் என்று இன்னும் சொல்லப்படாதவர் என்னும் நிலையைக் காட்டவல்ல வடிவம் மரபினுள்ளேயே இருந்துள்ளது. லென்ட்ஸ் அதனைக் கையாண்டிருந்தால் எதிர்ப்பின் ஒரு பகுதியேனும் தணிந்திருக்கக்கூடும். ஆனால், தயக்கமின்றிப் புனிதர் என்றே சொல்வதுதான் அவரது நோக்கம் எனத் தோன்றுகிறது.

மெஸ்கலேரோ இயேசு

மேற்கூறிய வாதம் மெஸ்கலேரோ படிமத்தின்மீது ஏற்றப்படும்போது வலுவிழக்கிறது. அங்கு வரையப்பட்டவர் இயேசுவே. அவர் அப்பாச்சி மக்கள் புனிதமாகக் கருதும் சியேரா பிளாங்கா மலைமீது கதிரவனை வரவேற்று நிற்கிறார். இடது உள்ளங்கையில் கதிரவக் குறி; வலக்கையில் மான்குளம்பாலான கிலுகிலுப்பை. மேல்மூலைகளில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சுட்டும் கிரேக்கச் சுருக்கெழுத்துகள். அடியில் அப்பாச்சி மொழியில் ‘உயிர் அளிப்பவர்’ எனப் பொருள்படும் சொல். படைத்தவனுக்கு அம்மக்கள் வழங்கும் பெயர்களுள் ஒன்று அது. படிம இலக்கணத்தின் உயிர்நிலையான பெயர்ப்பொறிப்பு இங்குக் குறைவுபடவில்லை. இரு மொழிகளில் நிறைந்திருக்கிறது.

எஞ்சுவது உடையும் கைப்பொருளும் பற்றிய தடையே. பைசாந்தியப் படிமங்களில் இயேசு அணிந்திருக்கும் அங்கியும் மேலாடையும் கிரேக்க, உரோமானியச் சான்றோரின் உடை. ஒரு காலத்து மக்கள் தமக்குப் பழக்கமான மதிப்புக்குரிய உடையை அவருக்கு அணிவித்தனர். பின்வந்தோர் அதனை மரபு என்றனர். அப்பாச்சியருக்கு மட்டும் அவ்வுரிமை இல்லை என்பதற்கு இறையியல் காரணம் காட்டுதல் அரிது. பழங்குடிச் சடங்குப் பொருள்கள் நம்பிக்கைக் கலப்பிற்கு இடந்தரும் என்னும் அச்சத்தை முற்றும் ஒதுக்கிவிட முடியாது என்பதும் உண்மையே. எனினும் அவ்வச்சத்திற்கு விடை கூறத் தகுந்தவர்கள் அப்படத்தின் முன் 35 ஆண்டுகள் வழிபட்டவர்களே. அகற்றும் முன் அவர்களிடம் வினவப்படவில்லை.

தமிழ்க் கிறித்தவம் இச்சிக்கலை முன்னரே கண்டுள்ளது. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்கு ஆலயம் எழுப்பி, அன்னைக்குத் தமிழ்ப்பெண்ணின் கோலம் தந்து, பெரியநாயகி எனப் பெயரிட்டார். அண்மையிலுள்ள விருத்தாசலம் சிவன்கோயில் அம்மனின் பெயரும் பெரியநாயகியே. அப்பெயர் கலப்பை உண்டாக்கும் என்று இன்று எவரும் அஞ்சுவதில்லை. கோவா ஓவியர் ஏஞ்சலோ த பொன்சேகாவுக்கு அத்தகைய வரவேற்பு வாய்க்கவில்லை. சாந்திநிகேதனில் பயின்று, மரியாவைச் சேலையுடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்த அவர், சொந்த ஊரில் எழுந்த எதிர்ப்பால் புனேயில் வாழ நேர்ந்தது. அங்கேயே 1967இல் காலமானார்.

மெஸ்கலேரோவில் நிகழ்ந்தது வேறு. பழங்குடி மக்களின் எதிர்ப்பு எழுந்ததும் லாஸ் குரூசெஸ் மறைமாவட்டம் படத்தைத் திருப்பியளித்தது, பங்குத்தந்தை மாற்றப்பட்டார். வழக்கத்திற்கு மாறான உருவம் ஆலயத்தில் இருக்கலாமா என முடிவுசெய்யும் அதிகாரத்தைத் திரிதெந்து பொதுச்சங்கம் ஆயரிடமே வைத்தது. மரபாளர்கள் பெரிதும் போற்றும் அவ்விதியின்படி நோக்கினாலும், ஆயர் பீட்டர் பால்தாக்கினோவின் மறைமாவட்டம் அப்படத்தை மீண்டும் பீடத்தின் பின்புறச் சுவரில் ஏற்றியது, அதற்கு வழங்கப்பட்ட ஒப்புதலே ஆகும்.